முச்சந்தியில் கட்டாத துணி

பங்குச் சாமியார்களுக்கு நன்றி சொல்லி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று நம் முதியோர் கூட்டத்தில் கேட்டார்கள். நீங்கள் எல்லாரும் கொடுத்துவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தந்தது, குடியை விடவைத்தது, ஓடிப்போன மருமகளைக் கூட்டிவந்து சேர்த்துவைத்தது என்று நல்லபடியாக எழுதியிருக்கிறீர்கள். என்னுடையது மட்டும் வரவில்லை என்று செயலாளர் மூன்று தடவை போன் போட்டுவிட்டார். நான் எழுதாமல் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். நன்றி என்று தொடங்கினாலே எனக்கு முதலில் வருவது பயம்தான். சரி, அந்தப் பயத்தையே எழுதிவிடுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பாதிப் பேர் கேமரன் மலைத் தோட்டங்களில் பிறந்தவர்கள்தான். உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன். ஆனாலும் பேரப்பிள்ளைகள் கையில் இது சிக்கினால் அவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா?

எங்கள் தோட்டம் பிரிஞ்சாங்கைத் தாண்டி, கம்போங் ராஜாவுக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி இருந்தது. பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துச் செம்மண் பாதை பிரிகிற இடத்தை முச்சந்தி என்போம். இப்போது அங்கே ஸ்ட்ராபெரி விற்கிறார்கள். சனிக்கிழமை என்றால் கார் நகராது. அப்போது அங்கே இருந்தது ஒரு மரத்தூணும் பனிமூட்டமும்தான். லயம் என்கிற வரிசை வீடுகளில் முக்கால்வாசிப் பேர் முனியாண்டியையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்கள். எங்களைப் போல வேதக்காரக் குடும்பம் பத்துப் பன்னிரண்டு இருந்தால் அதிகம்.

சாமியார் கீழே தாப்பாவிலிருந்து மாதம் ஒரு தடவை ஜீப்பில் மேலே வருவார். ஒவ்வொரு தோட்டமாகப் போய், கடைசியில் கம்போங் ராஜாவில் பூசை வைத்துவிட்டு இறங்குவார். எல்லாத் தோட்டத்துக்கும் எல்லா மாதமும் முறை வராது. போனும் கிடையாது. அதனால் ஒரு ஏற்பாடு. யாராவது எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டால், அவர் கடந்துபோகிற வியாழக்கிழமையன்று முச்சந்தித் தூணில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்ட வேண்டும். துணி இருந்தால் ஜீப் உள்ளே திரும்பும். இல்லையென்றால் நேரே போய்விடும்.

அவர் வெள்ளைக்காரர், பிரெஞ்சு தேசத்து ஆள். செம்பட்டைத் தாடி, கணுக்கால்வரை வெள்ளை அங்கி, அதன் விளிம்பெல்லாம் செம்மண். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். "நீங்கள் உணவு அருந்தினீர்களா?" என்று அவர் கேட்டால், கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அவருடைய ஜீப்பின் ஒரு பக்கக் கதவு கயிற்றால் கட்டியிருக்கும். வண்டி மக்கர் பண்ணினால் தன் பாஷையில் அதைத் திட்டுவார். பூசை இல்லாத நேரத்தில் எனக்கும் அவரைப் பிடிக்கும். பயம் அவர்மேல் இல்லை. அவர் மார்புப் பையில் இருந்த வெள்ளி டப்பிமேல்தான்.

அந்த டப்பிக்குள் எண்ணெய் இருந்தது. அவஸ்தைப் பூசுதல் என்று அப்போது சொல்வோம். சாகக் கிடக்கிறவர்களுக்கு நெற்றியிலும் கையிலும் பூசுவது.

எனக்கு ஒன்பது வயது. அந்த வருடத்து மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் இரண்டு பேருக்கு அந்த எண்ணெய் பூசினார்கள். முதலில் கடைசி வீட்டுக் கங்காணித் தாத்தா. இரண்டு மாதமாக இருமிக்கொண்டே கிடந்தார். சாமியார் பூசிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை, உள்ளே ஒப்பாரி கேட்டது. அடுத்த மாதம் என் கூட்டாளியின் அம்மா. சாமியார் ஜீப்பைக் கிளப்பி முச்சந்தியைத் தாண்டியிருக்க மாட்டார், அவள் போய்விட்டாள். கூட்டாளி என்னிடம் வந்து சொன்னாள்.

"அந்த எண்ணெ பட்டா அவ்ளோதான், தெரியுமா? எங்கம்மா காலையில கஞ்சி குடிச்சாங்க. எண்ணெ வச்சாரு. செத்துட்டாங்க."

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன்? பெரியவர்களே அப்படித்தான் பேசினார்கள். "சாமியாரக் கூப்ட்டாச்சாம்" என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால், பாடைக்கு மூங்கில் வெட்டப் போகலாம் என்று அர்த்தம். மூச்சு இழுக்கிறவரை யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்ட பிறகு யாரும் பிழைக்க மாட்டார்கள். எது முன்னே, எது பின்னே என்று யோசிக்கிற அறிவு லயத்தில் யாருக்கும் இல்லாதபோது எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

அப்புறம் அம்மா படுத்தாள்.

அம்மா ஏழு மாதம். நான், தம்பி, மூன்றாவது வயிற்றில். மழையில் நனைந்த படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கடைசி நாள்வரை கொழுந்து எடுத்தாள். ஒரு மாலை கூடையை இறக்கிவைத்துவிட்டு, குளிருது என்று அடுப்படியிலேயே சுருண்டுகொண்டாள். தோட்டத்து டிரஸ்ஸர் வந்து பார்த்தார்.

"காய்ச்சல்தான் லா. மூணு நாள்ல எறங்கிடும். இந்தத் தண்ணி மருந்த குடு" என்றார் அப்பாவிடம்.

இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அம்மாவின் கண் மஞ்சளித்துவிட்டது. அறைக்குள் கரிச்சட்டி எரிந்தும் பல் தந்தியடித்தது. என்னைப் பார்த்து, என் சின்னம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு அத்தை முனியாண்டி கோயில் விபூதியைக் கொண்டுவந்து அம்மா நெற்றி நிறையப் பூசினாள். அத்தை எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை, எங்கள் சாமியையும் கும்பிடுகிறவள் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எங்களுக்குக் கஞ்சி அவள் வீட்டு உலையில்தான் வெந்தது.

தோட்டத்து லோரி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கீழே போன இடத்தில் மண் சரிந்து, மேலே வர முடியாமல் மாட்டிக்கொண்டது. துரை காரை எடுத்துக்கொண்டு பினாங்குக்குப் போயிருந்தார். சாமியார் மட்டும் சரிவுக்கு முன்பே மலைக்கு வந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

வியாழக்கிழமை காலை அப்பா தன் வெள்ளை வேட்டியில் பாதியைக் கிழித்தார். கிழிகிற சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்தாள்.

"சாமியாரக் கூப்புடுற அளவுக்கு ஆயிப்போச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டு வாயில் முந்தானையை வைத்து அழுதாள்.

அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள், பேச்சுக் குறைவு. துணியை என் கையில் கொடுத்தார்.

"பாப்பா, பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போவணும், நேரமாச்சு. இத முச்சந்தித் தூணுல கட்டிட்டு வா. பத்து மணிக்கு மேல ஜீப்பு வரும். இறுக்கிக் கட்டு, காத்துல போயிடும்."

நான் துணியை வாங்கிக்கொண்டு நடந்தேன். தலையில் சாக்கு, காலில் செருப்பு இல்லை. பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்று தெரியாத பனி. ஃபாக்டரிப் பக்கமிருந்து இலை வாட்டுகிற வாசனை வந்தது. அந்த வாசனை எனக்கு இன்றைக்கும் ஆகாது. மகள் நல்ல தேயிலை என்று வாங்கிவந்து பொட்டலத்தைப் பிரித்தால், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்கிறாள்.

தூணடியில் நின்றேன். துணியை ஒரு சுற்றுச் சுற்றினேன். கட்டினால் ஜீப் திரும்பும். திரும்பினால் டப்பி வரும். டப்பி வந்தால் அம்மா செத்துவிடுவாள். அம்மாவை நானே சாகக் கொடுக்கிறேன். இப்படித்தான் ஓடியது என் புத்தி. சுற்றியதை அவிழ்த்தேன். திரும்பச் சுற்றினேன். அப்பா அடிப்பாரே என்று ஒரு பயம், அம்மா போய்விடுவாளே என்று ஒரு பயம். ஜீப் சத்தம் கேட்டதும் துணியை உருவி, சாக்குக்குள் வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டேன்.

துணி இல்லாததால் அவர் நிற்க மாட்டார் என்று நினைத்தேன். நின்றுவிட்டார். ஒரு சிறுபிள்ளை மழையில் தனியாக நின்றால் யார்தான் நிறுத்தாமல் போவார்கள்?

"பாப்பா, ஏன் இங்கே தனியாக நிற்கிறாய்?"

"சும்மாதான் சாமி."

"வீட்டில் எல்லோரும் நலமா?"

"நல்லா இருக்காங்க சாமி."

"அம்மா?"

"அம்மா கொழுந்து எடுக்கப் போயிருக்காங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையில் கைவிட்டார். டப்பியைத்தான் எடுக்கிறார் என்று எனக்கு உயிரே போய்விட்டது. எடுத்தது இரண்டு மிட்டாய். கொடுத்துவிட்டு, "மழையில் நிற்காதே" என்று சொல்லி, கம்போங் ராஜா பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய அயோக்கியத்தனம். அப்பா சாயங்காலம் வந்து பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். ஜீப் சத்தம் அடங்கினதும் துணியை எடுத்து அந்தத் தூணில் கட்டினேன். மூன்று முடிச்சு. நன்றாக இறுக்கி, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு புத்தியா என்று கேட்காதீர்கள். பயம் வந்தால் எந்த வயதிலும் புத்தி வரும். மிட்டாயைத் தம்பிக்கே கொடுத்துவிட்டேன். எனக்கு இறங்கவில்லை.

மாலையில் அப்பா ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"துணி கட்டித்தானே இருக்கு! சாமியார் வரலியா?"

"வரலப்பா."

அவர் வாசலில் நின்று இருட்டுகிறவரை ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மாவின் மூச்சு விசில் அடித்தது. அப்போதுதான் எனக்கு இரண்டாவது பயம் வந்தது. எண்ணெய் படாமலே அம்மா செத்துப்போனால்? அதை நான் முச்சந்தியில் யோசிக்கவே இல்லை. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சூடு என் உள்ளங்கையில் ஏறியது. அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தண்ணி வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

விடிவதற்கு முன் அப்பா சாமியாரைத் தேடி கம்போங் ராஜாவுக்கு நடந்தே கிளம்பினார். இதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது எனக்கு. பிரிஞ்சாங் அதைவிடக் கிட்டே. அங்கே போனால் டாக்சி கிடைத்திருக்கும், டாக்சியில் அம்மாவை மலைமேலேயே இருக்கிற டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அம்மா நல்ல சாவாகச் சாக வேண்டும் என்றுதான் வடக்கே நடந்தார். அவருக்கும் என்னைப் போலவே தோன்றிவிட்டது, பாவம்.

பகல் உச்சிக்கு அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஜீப் வந்தது. பூசையை முடித்த உடுப்போடு, மேலே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் சாமியார். இறங்கியதும் என்னைப் பார்த்தார். வாசலில் நான், நடுவில் ஒரு குட்டை மழைத்தண்ணி, அந்தப் பக்கம் அவர். நேற்று முச்சந்தியில் நின்ற பெண் இவள்தான் என்று கண்டுகொண்டார். அது அவர் முகத்தில் தெரிந்தது. இப்போது சொல்லப்போகிறார், அப்பா என்னைக் கொன்றுபோடப்போகிறார் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாப்பா, அம்மாவின் கம்பளியை எடுத்து வா" என்றார். அவ்வளவுதான்.

உள்ளே போய் மண்டியிட்டார். அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். பையிலிருந்து டப்பியை எடுத்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. கம்பளியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவர் கையைக் கடித்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, பல் பதிகிற மாதிரி.

"அம்மாவக் கொல்லாதீங்க! அம்மாவக் கொல்லாதீங்க!"

அப்பா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அத்தை என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் காலை உதறி உதறிக் கத்தினேன். சாமியார் கையை உதறக்கூட இல்லை.

"அடிக்காதீர்கள். குழந்தை பயந்திருக்கிறாள்" என்றார். கடிபட்ட கையாலேயே எண்ணெயைத் தொட்டு அம்மா நெற்றியில் வைத்தார். அங்கே அத்தை பூசிய விபூதி இருந்தது. அதை அவர் துடைக்கவில்லை. அதன்மேலேயே பூசினார். ஜெபத்தை அரைகுறையாக முணுமுணுத்துக்கொண்டே எழுந்தவர், "தூக்குங்கள்! தூக்குங்கள்! ஆஸ்பத்திரி!" என்று கத்த ஆரம்பித்தார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "சாமி, அதான் பூசிட்டீங்களே?" என்றார்.

"இவள் இன்னும் சாகவில்லை, ஐயா! தூக்குங்கள்!"

கயிற்றை அறுத்துக் கதவைத் திறந்து, அம்மாவைக் கம்பளியோடு பின்னால் கிடத்தினார்கள். அத்தை மடியில் அம்மாவின் தலை. ஜீப் செம்மண்ணை வாரியடித்துக்கொண்டு போனது. நானும் தம்பியும் அத்தை வீட்டில் நாலு நாள் இருந்தோம். லோரி சத்தம் கேட்டாலும், நாய் குரைத்தாலும், செய்தி வந்துவிட்டது என்று நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

அம்மா பிழைத்தாள். வயிற்றில் இருந்தது பிழைக்கவில்லை. பையன். ஒரு நாள் முன்னே கொண்டுவந்திருந்தால் தப்பியிருக்குமா என்று அப்பா டாக்டரைக் கேட்டிருக்கிறார். சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். அந்தச் "சொல்ல முடியாது" இன்றுவரை என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு சின்னப் பெட்டி செய்தார்கள். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை உரிக்க நேரமில்லை. பிள்ளை அந்தப் பளபளப்பில் படுத்திருந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விட மாட்டார்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு. சாமியார் யாரையும் கேட்கவில்லை. கங்காணித் தாத்தாவின் குழிக்குப் பக்கத்தில் இடம் காட்டிவிட்டு, குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டு நின்றார்.

மண் போட்டு முடிந்ததும் அப்பா வாயைத் திறந்தார். எல்லாரும் இருந்தார்கள். நான் அத்தையின் சேலைக்குப் பின்னால் நின்றேன்.

"அந்த வியாழக்கெழமையே வந்திருந்தா ரெண்டும் பொழச்சிருக்கும் சாமி. துணி கட்டித்தானே இருந்துச்சு. எம்புள்ள மழையில நின்னு கட்டுச்சு. அம்மாம் பெரிய துணி, ஒங்க கண்ணுக்குத் தெரியலியா?"

"நான் துணியைப் பார்க்கவில்லை" என்றார் சாமியார்.

அது பொய் இல்லை. அவர் பார்த்தது துணியை இல்லை, என்னை. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டார். நான் அங்கேயே நின்றேன். என்னைப் பார்ப்பார் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. அப்பா காறித் துப்பிவிட்டு நடந்தார். காலடியில்தான் துப்பினார், ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது.

அம்மா திரும்பிவந்தபோது எலும்பும் தோலும். பால் கட்டிக்கொண்டு மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். ராத்திரியில் முனகுவாள். நான் காதைப் பொத்திக்கொள்வேன். லயத்தில் ஆளாளுக்கு ஒரு பேச்சு. யாருக்காவது சுகமில்லை என்றால், "பெரிய துணியா கட்டுங்கப்பா, நம்ம சாமிக்குக் கண்ணு மட்டு" என்று சிரிப்பார்கள். அடுத்த மாதம் அவர் முன்னாலேயே ஒருத்தர் சொன்னார். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, அதை இருமல் மாதிரி ஆக்கிக்கொண்டேன்.

தவக்காலத்தில், முதன்முதலாக நன்மை வாங்குகிற புதுநன்மைக்கு எங்களைத் தயார்படுத்தினார்கள். அதற்கு முன்னால், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். யாரிடம்? அவரிடமேதான். மலையில் வேறு யார் இருக்கிறார்கள்? மூன்று வாரம் எனக்குச் சாப்பாடு செல்லவில்லை. மறைத்தால் நரகம் என்று ஜெபம் சொல்லித்தந்த உபதேசியார் சொல்லியிருந்தார். சொன்னால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஊதாப் பட்டை. நான் பலகைத் தரையில் மண்டியிட்டேன். அவருடைய கை முழங்கால்மேல் இருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே என் பல் தடம் வெளுப்பாகத் தெரிந்தது. சர்க்கரை திருடினேன், தம்பியைக் கிள்ளினேன், கூட்டாளியைக் கெட்ட வார்த்தை சொன்னேன் என்று ஒப்பித்தேன்.

"வேறு ஏதாவது உண்டா, மகளே?"

"இல்ல சாமி."

வெளியே வரிசையில் நின்ற பிள்ளைகள் தள்ளிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"சாமி, அன்னிக்கு நான் துணி கட்டல. ஜீப்பு போனப்புறம்தான் கட்டினேன்."

"எனக்குத் தெரியும்."

"அப்பாகிட்ட ஏன் சாமி சொல்லல?"

"உன் அப்பா அப்போதுதான் ஒரு பிள்ளையைப் புதைத்திருந்தார்."

எனக்கு விக்கல் எடுத்தது. "அந்த எண்ணெயப் பாத்தா எனக்குப் பயம் சாமி."

"எனக்கும்தான்" என்றார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மலையில் நான் பூசியவர்கள் எல்லோரும் இறந்தார்கள். கடைசி நேரத்தில்தான் என்னை அழைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதைத் திறக்கும்போது என் கை நடுங்கும். உன் அம்மா ஒருத்திதான் பிழைத்தாள்."

"அப்பாகிட்ட நான் சொல்லணுமா சாமி?"

"பயம் போன பிறகு சொல்."

"எப்ப சாமி போகும்?"

"எனக்குத் தெரியாது, மகளே" என்றார். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி, தலையில் கைவைத்து மன்னிப்புக் கொடுத்து அனுப்பினார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் செத்தாலும் வெளியே சொல்லக் கூடாது. அது எனக்கு அப்புறம்தான் தெரியும். தெரிந்தே அவர் வாயை நான் பூட்டிவிட்டேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பூட்டியது நான்தான். அதற்கு முன் சொல்லியிருக்க அவருக்கு மூன்று மாதம் இருந்தது. சொல்லவில்லை.

அப்பா பூசைக்கு வருவார், கடைசி வரிசையில் நிற்பார். சாமியார் வணக்கம் சொன்னால் தன் செருப்பைப் பார்ப்பார். பதினாலு வயதில் ஒரு தடவை சொல்லிவிடுகிறது என்று துணிந்து, கவ்வாத்து மலைக்குச் சோறு கொண்டுபோனேன். அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டே, "என்னா பாப்பா?" என்றார். ஊறுகாய் வைக்க மறந்துட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். கல்யாணத்துக்கு முதல் நாள் இன்னொரு தடவை. அப்போதும் முடியவில்லை. அம்மா கடைசிவரை தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். சாமியாரும் போய்விட்டார். இத்தனை வருடம் கழித்து உங்களிடம்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன். என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி எங்கே என்று செயலாளர் கேட்பார். இதோ வருகிறேன்.

அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது என்று தம்பி ஆள் அனுப்பியதும், நான் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன். அப்போது ஆபீசில் போன் வந்துவிட்டது. கணக்கெழுதுகிற கிராணியிடம் கெஞ்சி நானே சாமியாருக்குப் போன் போட்டேன். அப்பா அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்திருந்தார். அதற்குள் எதற்குச் சாமியார் என்று தம்பி என்மேல் எரிந்து விழுந்தான். விழட்டும் என்று விட்டேன்.

மதியமே வந்துவிட்டார். தாடி முழுக்க வெளுத்து, கையில் தடி. டாக்சியில் வந்து, முச்சந்தியிலிருந்து சேற்றில் நடந்து வந்திருந்தார். அம்மா முக்காடு போட்டுக்கொண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். நான் வெந்நீர்ச் சட்டியோடு கதவோரம் நின்றேன். அப்பா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். செருப்பைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்.

"சாமி, நான் ஒன்னையும் மறக்கல."

"நானும் மறக்கவில்லை, ஐயா."

"இத்தன வருஷம் ஒங்க மேல மனசுல வச்சிக்கிட்டே இருந்துட்டேன். இதோட போகக் கூடாதுன்னு பாக்குறேன்." அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "போவட்டும் சாமி. நீங்க வேணும்னா பாக்காம போனீங்க? ஒங்கள மன்னிச்சிட்டேன்."

மூன்று எட்டு வைத்தால் நான் கட்டிலுக்குப் போய்விடலாம். சட்டியின் சூடு விரலைச் சுட்டது, கீழே வைக்கத் தெரியவில்லை. சாமியார் என் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால் அப்பாவும் திரும்பியிருப்பார். அவர் திரும்பவில்லை. தடியைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலோரம் மண்டியிட்டு, வெளுத்த தலையைக் குனிந்தார். அப்பா தன் கையை அந்தத் தலைமேல் வைத்தார்.

"நன்றி, ஐயா" என்றார் சாமியார்.

எனக்குச் சேர வேண்டிய மன்னிப்பை எனக்குப் பதிலாக அவர் வாங்கிக்கொண்டார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.